ஊக்கு குத்தின பதினாலு நாள்

நீங்கதானே செண்பகவல்லி மேடத்தோட அம்மா? நெத்தியும் புருவமும் அப்படியே இருக்கே. கோவில்பட்டியில இருந்து விடியறதுக்கு முந்தியே பஸ் ஏறினீங்களாக்கும். உட்காருங்கம்மா, உட்காருங்க. எனக்கெல்லாம் எந்திரிக்கலாமா, நான் இங்க கூட்டிப் பெருக்கிற ஆளு. முத்துராக்குன்னு பேரு. இந்த பிசிக்ஸ் கட்டடத்துல மேல் மாடி பூரா என் பொறுப்பு.

மேடம் அவங்க ஆராய்ச்சியைப் பார்த்துக்கிற பெரிய சார் ரூமுக்குள்ள இருக்காங்க. கையில கவரோட போனதைப் பார்த்தேன். படிப்பை விட்டுட்டுப் போறேன்னு எழுதின கடுதாசி அதுலதான் இருக்கு. உங்களுக்குத் தெரியாததா, கூட்டிட்டுப் போகத்தானே வந்திருக்கீங்க. அஞ்சு வருஷம் உழைச்சாங்கம்மா. இன்னும் ஆறு மாசம் இருந்தா டாக்டர் பட்டம்.

அந்தக் கதவு திறக்கிறதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்குச் சத்தமாப் பேச வராது, கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்க. கேட்டுட்டு நீங்க என்னைக் காறித் துப்பினாலும் சரிதான். உங்க மக ஏதோ பொய்க் கணக்கு எழுதிட்டாங்கன்னு இங்க பேச்சு. அவங்க எழுதலை. அது என்னால வந்தது.

உங்க மக என்ன ஆராய்ச்சி பண்றாங்கன்னு உங்களுக்குச் சொல்லியிருக்காங்களா? எனக்குச் சொன்னாங்க. நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். இருந்தாலும் ஒரு நாள் மாப்பை வாங்கி ஓரமா வச்சுட்டுச் சொன்னாங்க. கண்ணாடிச் சில்லு மாதிரி சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒண்ணு இருக்கு. அதுக்கு மேல ஒரு பூச்சு. நம்ம தலைமுடி இருக்கே, அதை ஆயிரமாக் கீறினா ஒரு கீறு எவ்வளவு கனம் இருக்குமோ அவ்வளவுதான் அந்தப் பூச்சு. அது காந்தப் பூச்சாம். அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பம்பரங்க கோடிக் கோடியா எல்லாம் ஒரே பக்கம் தலையைச் சாய்ச்சு நிக்குமாம். சூடு ஏத்த ஏத்த அதுகளுக்குத் தலை கிறுகிறுத்து ஒவ்வொண்ணா இஷ்டத்துக்குத் திரும்பிக்குமாம். இருநூத்தி எண்பது டிகிரியைத் தாண்டினா மொத்தமும் கலைஞ்சு, அது காந்தமாவே இருக்காது. அதுவரைக்கும் அந்தச் சுழற்சியால ஒரு துளியூண்டு கரண்டு வரும், அதைத்தான் நான் அளக்குறேன்னாங்க. “எவ்வளவு துளி மேடம்?”னு கேட்டேன். “நம்ம வீட்டு டார்ச் பேட்டரியைக் கோடி பங்கா வச்சா, அதுல ஒரு பங்கு, ரெண்டு பங்கு”ன்னாங்க. நான் சிரிச்சுட்டேன். அவங்களும் சிரிச்சாங்க.

அதுக்குத்தான் அந்த அடுப்பு. ரெண்டு பக்கமும் ஆட்டுக்கல் மாதிரி ரெண்டு பெரிய காந்தம், நடுவுல அடுப்பு, அடுப்புக்குள்ள அந்தச் சில்லு. அதுல இருந்து ரெண்டு மெல்லிசு ஒயர் மேல ஏறி, ஒரு கம்பு மேல படுத்து, நம்பர் காட்டுற பொட்டிக்குப் போகும். இருநூத்தி எண்பதுக்கு மேல அந்தப் பொட்டியில பூஜ்யம்தான் வரணும். இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.

இரும்பு எதுவும் உள்ளே கொண்டுவரக் கூடாதுன்னு சொல்லித்தான் இருந்தாங்க. வாசல்ல ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். செல்போன், சாவி, எல்லாம் அதுல போட்டுட்டுத்தான் போவேன். வாளி கூட இரும்பு வளையம் போட்டதுன்னு மாத்திட்டாங்க. எல்லாம் சரியாத்தான் பண்ணினேன்.

இப்ப நான் சொல்லப்போறது கொஞ்சம் அசிங்கமானது. நீங்களும் பிள்ளை பெத்தவங்க, அதனால சொல்றேன்.

எனக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை. ஐப்பசியில அதுக்கு அஞ்சு மாசம். பின்னாடி லைன் வீட்டுல ரெஜினா அக்கான்னு ஒருத்தங்க, அவங்ககிட்ட விட்டுட்டுத்தான் வேலைக்கு வருவேன். பத்து மணியானா மார் கட்டிக்கிட்டு ஜாக்கெட் நனைஞ்சுடும். துண்டை மடிச்சு வச்சுப் பார்ப்பேன், நிக்காது. ஒரு நாள் எங்க சூப்பர்வைசர் அந்தோணிசாமி அண்ணன் எல்லார் முன்னாலயும், “என்ன ராக்கு, யுனிவர்சிட்டிக்குள்ள பால் பண்ணை வச்சிருக்கியா?”ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அந்த மாப்புக்குள்ளயே முகத்தைப் புதைச்சுக்கலாம்னு இருந்தது. மேடம் அந்தப் பக்கம் போனவங்க நின்னு பார்த்தாங்க. சிரிக்கலை. என்கிட்ட வந்து ரொம்பக் கோவமா, “நாளையில இருந்து பத்தரைக்கு என் லேபுக்கு வந்துடணும்”னாங்க. சரி, நமக்குத் தண்டனைதான்னு நினைச்சுக்கிட்டு மறுநாள் போய் நின்னேன். பக்கத்துல இருக்கிற சின்ன ரூம் சாவியைக் கொடுத்து, “பிள்ளையை இங்க தூக்கிட்டு வரச் சொல்லி பால் கொடுங்க. உள்ள தாழ்ப்பாள் இருக்கு”ன்னாங்க. அப்பவும் முகம் கடுகடுன்னுதான் இருந்தது. எதுக்கு என் மேல அவ்வளவு கோவம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடலை.

அப்படிப்பட்டவங்களுக்குத்தான் நான் இதைப் பண்ணினேன்.

ஐப்பசி, கார்த்திகை மழை உங்க பக்கமும் இருந்திருக்கும். இங்க விடாத மழை. லைன் வீட்டுல துணி காயலை. பிள்ளைக்கு பழைய வேட்டியைக் கிழிச்சுத்தான் இடுப்புத் துணி. ஈரத் துணியையே திரும்பத் திரும்பக் கட்டி, தொடை இடுக்கெல்லாம் சிவந்து, தோல் உரிஞ்சுபோச்சு. மூத்திரம் போனாக் கத்தும். அந்தக் கத்தலைக் கேட்டுட்டு வந்து நான் தரை துடைக்கணும்.

மேடம் அடுப்பை ராத்திரியே சூடேத்த விட்டுடுவாங்க, அது தானா ஏறிக்கிட்டே இருக்கும். காலையில ஆறு மணிக்கு வந்து ஒரு பார்வை பார்த்துட்டு, குளிக்கச் சாப்பிட ஹாஸ்டலுக்குப் போவாங்க. ஏழு மணிக்கு உச்சச் சூடு. ஏழுல இருந்து ஒன்பது வரைக்கும் கம்ப்யூட்டர் தானே அளந்து தானே எழுதிக்கும். அந்த நேரத்துல அந்த ரூம்ல நான் மட்டும்தான். அடுப்புக்கு மேல, ஒயர் போற கம்புக்கிட்ட, நல்ல காங்கை. கையை நீட்டினாச் சுகமா இருக்கும்.

மேல நான் சொல்லணுமா?

ஆமாம்மா. அங்கதான் போட்டேன். அலசின துணிதான், அலசாம இல்லை. அலசினாலும் மூத்திரத் துணி மூத்திரத் துணிதானே. மின்விசிறிக் காத்துல நழுவி அடுப்பு மேல விழுந்துடக் கூடாதுன்னு ஒயரோட சேர்த்து ஊக்கு குத்தினேன். ஊக்கு எங்க இருந்து வந்ததுன்னு கேப்பீங்க. தாலிக் கயித்துல இருந்துதான். எப்பவும் நாலு கிடக்கும். நம்ம பக்கம் எந்தப் பொம்பளைக்குக் கிடக்காது? இரும்பைக் கழட்டி வையின்னா செல்போனைக் கழட்டத் தோணுது, சாவியைக் கழட்டத் தோணுது. தாலியில கிடக்கிறதை இரும்புன்னு யாரும்மா நினைப்பாங்க?

ஒன்பது மணிக்கெல்லாம் எடுத்து மடிச்சு இடுப்புல செருகிக்குவேன். பிள்ளைக்குப் புண் ஆறிட்டது.

கார்த்திகையில ஒரு நாள் மேடம் என்னைக் கூப்பிட்டு மைசூர்பாகு கொடுத்தாங்க. “ராக்கு, வரவே கூடாத இடத்துல நம்பர் வருது. இருநூத்தி எண்பது தாண்டி, முந்நூத்திப் பத்துலயும் வருது. காந்தம் செத்த பிறகும் ஏதோ ஒண்ணு உயிரோட இருக்கு. இதை யாருமே பார்த்ததில்லை”ன்னாங்க. அவங்க கண்ணை நீங்க பார்த்திருக்கணும். “உங்க கைராசிதான்”னு வேற சொன்னாங்க. நான் ரெண்டு துண்டு வாங்கித் தின்னேன்மா. ஒண்ணைப் பிள்ளை நாக்குல தடவினேன்.

பெரிய சார் அதை எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பிட்டாராம். அங்க ஒரு பெரிய கூட்டத்துல மேடம் போய்ப் பேசணும்னு பதில் வந்தது. உங்களுக்குப் போன் பண்ணியிருப்பாங்களே, பாஸ்போர்ட்டுக்கு. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய் எங்கம்மா என்னைப் படிக்கவச்சாங்க, அவங்களை மெட்ராஸ் ஏர்போர்ட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போவேன்னு என்கிட்டயே சொன்னாங்க.

மார்கழி பிறந்தது, மழை விட்டது. வெயில் வந்ததும் நான் லைன் வீட்டுக் கொடியிலயே துணி போட்டேன். லேபுக்குக் கொண்டு வரலை. அவ்வளவுதான். நம்பர் நின்னுபோச்சு.

மூணு வாரம் மேடம் தலைகீழா நின்னு பார்த்தாங்க. புதுசாப் பூச்சுப் பூசினாங்க, ஒயரை மாத்தினாங்க. பூஜ்யம். சாப்பிடறது குறைஞ்சது. என்கிட்ட பேசறதும் குறைஞ்சது. என் மேல இருந்த கோவம்தான் திரும்பவும்னு நினைச்சுக்கிட்டேன்.

பெரிய சார் கெட்டவர் இல்லை. ஆனா அன்னைக்குக் கதவைச் சாத்தாமக் கேட்டார். நான் வராந்தாவுல ஜன்னல் துடைச்சுக்கிட்டு இருந்தேன். “செண்பகா, உண்மையைச் சொல்லு. அந்தப் பதினாலு நாள் நம்பரை மெஷின் போட்டதா, நீ போட்டதா?” மேடம் நேரா லேபுக்கு வந்து சுவத்துல இருந்த காலண்டர் முன்னாடி நின்னுக்கிட்டே இருந்தாங்க. நம்பர் வந்த பதினாலு நாளையும் சிவப்புப் பேனாவால சுழிச்சு வச்சிருந்தாங்க. குப்பைக் கூடையை எடுக்க நான் போனேன். சும்மாத்தான் ஏறிட்டுப் பார்த்தேன்.

ஞாயித்துக்கிழமை எதுலயும் சுழி இல்லை. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. ஒரு புதன்கிழமை இல்லை. அன்னைக்குத்தான் பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தேன். நடுவுல ரெண்டு நாள் இல்லை. அந்த ரெண்டு நாளும் வெயில் அடிச்சது, துணி வீட்டுலயே காய்ஞ்சது.

கூடையைக் கீழ போட்டுட்டேன். “என்ன ராக்கு?”ன்னாங்க. “ஒண்ணும் இல்ல மேடம், கை வழுக்கிடுச்சு”ன்னேன்.

அப்பவே சொல்லியிருக்கணும்னு நீங்க நினைக்கிறது தெரியுது. என்னன்னு சொல்லுவேன்? அவ்வளவு பெரிய மெஷின் மேல, வெளிநாட்டுல இருந்து வந்தவங்க எல்லாம் கைகட்டி நின்னு பார்த்துட்டுப் போற மெஷின் மேல, மூத்திரத் துணி காயப்போட்டேன்னா? அந்தோணிசாமி அண்ணன் காதுல விழுந்தா அதை ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பார். நிஜமாவே துணியாலதானா, நானா ஒண்ணை நினைச்சுக்கிட்டுக் கிடக்கேனான்னும் இருந்தது. அதனால நான் இன்னொரு திருட்டுத்தனம் பண்ணினேன்.

மறுநாள் காலையில பழையபடியே ஈரத் துணியை ஊக்கு குத்திப் போட்டேன். கதவுக்கிட்ட நின்னு பொட்டியையே பார்த்தேன். காந்தம் ‘ம்ம்’னு முனகி ஒரு பக்கம் இழுக்கும், அப்புறம் அடங்கி, மறு பக்கம் இழுக்கும். நம்பர் வந்தது.

பத்து மணிக்கு மேடம் வந்து கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு ஓடி வந்து என் கையைப் பிடிச்சாங்க. வாயெல்லாம் சிரிப்பு. “வந்துடுச்சு ராக்கு. நான் பொய் சொல்லலை.” நேரா பெரிய சாரைப் போய்ப் பார்த்து, நாளைக்கு நீங்களே வந்து பாருங்க சார்னு சொல்லிட்டாங்க. எனக்கு அது தெரியாதும்மா. மறுநாள் நான் என்ன பண்ணினேன், துணியை மட்டும் போட்டேன், ஊக்கு குத்தலை. துணியும் ஊக்கும் சேர்ந்து கிடந்தா எது பண்ணுதுன்னு எப்படித் தெரியும்? ஒண்ணை எடுத்தாத்தானே இன்னொண்ணு தெரியும். பூஜ்யம் வந்தது.

பத்து மணிக்கு சார் வந்தார். காலையில எழுதினதைப் பார்த்தார். “நேத்து வந்தது இன்னைக்கு எங்கம்மா போச்சு? இது ஆராய்ச்சியா, சாமி வந்து ஆடுறதா?”ன்னார். கூட வந்த ரெண்டு பேரும் சிரிச்சாங்க. மேடம் அந்தப் பொட்டியைப் பார்த்துக்கிட்டே நின்னாங்க. சார் வர்றது எனக்குத் தெரிஞ்சிருந்தா ஊக்கைக் குத்தியிருப்பேனா, குத்தாம இருந்திருப்பேனா? இன்னைக்கும் எனக்கு விளங்கலை. ரெண்டுமே பாவம்தான்.

அன்னைக்கும் சொல்லலை. ஒரு நாள் வந்தது, ஒரு நாள் வரலை, இதை வச்சு எப்படி அடிச்சுச் சொல்றதுன்னு மனசு ஒரு சாக்குச் சொன்னது. அதனால நிறுத்தலை. ஊக்கு மட்டும் ஒயர்ல குத்தி வச்சேன், துணி இல்லாம. நம்பர் வந்தது. ஈரம் இருந்தாத்தானோன்னு காய்ஞ்ச துணியில ஊக்கு குத்தினேன். வந்தது. ஊக்குக்குப் பதிலா பிளாஸ்டிக் கிளிப் போட்டேன். வரலை. ஒண்ணுமே போடாம விட்டேன். வரலை. ஒரு தடவை தப்பாப் பார்த்திருப்பேனோன்னு திரும்பவும் முதல்ல இருந்து. மொத்தம் ஒன்பது நாள். கடைசி நாள் கிட்டப்போய்க் குனிஞ்சு பார்த்தேன். காந்தம் இழுக்கிறப்ப அந்த ஊக்கு நெளியுதும்மா. ஊக்கு நெளிஞ்சா ஒயர் நெளியுது. ஒரு எறும்பு நகர்ற அளவுதான். அந்த நெளிவுதான் நம்பரா விழுது. பம்பரமும் இல்லை, ஒண்ணும் இல்லை. என் தாலி ஊக்கு.

அந்த ஒன்பது நாள்ல அஞ்சு நாள் நம்பர் வந்ததே, முதல் நாளுக்கு அப்புறம் மேடம் யார்கிட்டயும் போய்ச் சொல்லலை. வந்தாலும் பேயைப் பார்த்த மாதிரி பார்ப்பாங்க, வராட்டியும் அப்படித்தான். அவங்களுக்கு அவங்க மேலயே நம்பிக்கை போச்சு. முந்தாநாள் என்கிட்ட, “எனக்குத் தெரியாமயே நான் ஏதாவது பண்றேனா ராக்கு?”ன்னு கேட்டாங்க. நான் கீழ குனிஞ்சு தரையைத் துடைச்சேன். துடைச்ச இடத்தையே திரும்பத் துடைச்சேன்.

இந்தாங்க. இது பிள்ளையோட தடுப்பூசி அட்டை. பின்பக்கம் வெறுமையா இருந்தது, அதுல எழுதி வச்சிருக்கேன். எழுத்து கோணலா இருக்கும், மன்னிச்சுக்குங்க. ஒன்பது நாளும் தேதி போட்டிருக்கேன். ‘ஊ’ன்னா ஊக்கு, ‘து’ன்னா துணி, ‘ஈ’ன்னா ஈரம். எதிர்ல பொட்டியில என்ன நம்பர் நின்னதோ அதை அப்படியே பார்த்து எழுதினேன், புள்ளிக்கு அப்புறம் வர்ற சைபர் எல்லாம் எண்ணித்தான் எழுதியிருக்கேன். ஒரு நாள் சைபரைச் சரியா எண்ணினேனான்னு சந்தேகம், அதுக்குப் பக்கத்துல சந்தேகம்னே போட்டிருக்கேன். படிக்காதவ பண்ணின வேலை, இதை யார்கிட்டயும் காட்டவே கூச்சமா இருக்கு. மேடம் மாதிரி ஆராய்ச்சி பண்றவங்க பார்த்தாச் சிரிப்பாங்க.

நீங்க இதை வேற தாள்ல பார்த்து எழுதி மேடத்துக்கிட்ட கொடுத்துடுங்க. ஊக்குன்னு மட்டும் சொல்லுங்க. துணியைச் சொல்லாதீங்க. பெருக்கிற பொம்பளை எவளோ ஒருத்தி தெரியாம ஊக்கை மாட்டிட்டாளாம்னு சொல்லுங்க, பேரு வேண்டாம். நீங்க அம்மா, நீங்க சொன்னா அவங்க நம்புவாங்க. வெளிநாடு போக முடியாதுதான், அந்தக் கண்டுபிடிப்பு போச்சுதான். ஆனா பொய் எழுதினவன்னு ஒரு பேரோட ஊருக்கு வர வேண்டாமில்ல.

என்னம்மா, ரெண்டு தடவை படிக்கிறீங்க. எழுத்து புரியலையா?

ஏன் என் கையிலயே திருப்பி வைக்கிறீங்க?

நானா? நான் எப்படிம்மா. பெரிய சார் இருப்பார். அந்த ரெண்டு பேரும் இருப்பாங்க. அந்தத் துணி எங்க இருந்து வந்ததுன்னு கேட்டா நான் அதைச் சொல்லணும், எல்லார் முன்னாலயும் வாயைத் திறந்து. எதுக்கு ஊக்கு குத்தினேன்னு கேப்பாங்க, பிள்ளைக்குப் புண்ணு வந்ததைச் சொல்லணும். சொன்னா இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க. நீங்க என்னைத் திட்டினாக்கூடத் தேவலை. இப்படிக் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா இருக்காதீங்கம்மா.

செருப்புச் சத்தம் கேக்குது. அவங்கதான். கவரு கையிலயே இருக்கு, சார் வாங்கலை போல. இல்லை, இது வேற கவரு. சரி போன்னு பதில் எழுதிக் கொடுத்துட்டார்.

நீங்க இருங்க. எந்திரிக்காதீங்க, நான் போறேன். வாளியை இப்படிக் கொஞ்சம் நகர்த்தி வைங்க, மேடம் கண்ணுல தண்ணி, கால் இடறிக்குவாங்க.

மேடம். மேடம், ஒரு நிமிஷம். அழாதீங்க. அந்தப் பதினாலு நாளும் மெஷின் பொய் சொல்லலை, நீங்களும் சொல்லலை. பெரிய சாரையும் வரச் சொல்லுங்க, அவரும் கேக்கட்டும். அம்மா பக்கத்துல உட்காருங்க மேடம், நான் நின்னுக்கிட்டே சொல்றேன். எம்பிள்ளைக்கு இடுப்புத் துணி காயலை.